புதன்கிழமை மதியம் திடலில் நிற்கும் ஆசிரியர்களுக்கு

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளிலும் இடைநிலைப்பள்ளிகளிலும் சாரணர் இயக்கத்தை நடத்திவரும் ஆசிரியப் பெருமக்களுக்கு,



நம் நாட்டில் பள்ளிக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சீருடை இயக்கம், ஒரு கழகம், ஒரு விளையாட்டு என்று மூன்றிலும் சேர்ந்தாக வேண்டும். பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிக் கணக்கில் பத்து விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு உரியது. உங்கள் முன்னால் வரிசையில் நிற்கிறவர்களில் ஆசைப்பட்டு வந்தவர் யார், வருகைப் பதிவேட்டுக்காக வந்தவர் யார் என்று உங்களுக்குத்தான் தெரியும். ஆசிரியர் அறையில் இதைப் பற்றி அலுத்துக்கொள்கிறோம். பிறகு மறுபடியும் விசிலை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போகிறோம்.

சாரணர் இயக்கத்தைக் கட்டாயமாக்கினால் என்ன ஆகும் என்பதை ஒரு பெரிய நாடு ஏற்கெனவே வாழ்ந்து பார்த்திருக்கிறது. அந்த நாட்டின் மொழி பேசுகிறவர்கள் நம் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். அவர்கள் பள்ளியும் நம் பள்ளியும் பல ஊர்களில் ஒரே சாலையில் இருக்கின்றன. ஆனாலும் சீனர்களின் சாரணர் வரலாறு நம் பயிற்சி வகுப்புகளில் பேசப்படுவதில்லை. பிரௌன்சீ தீவு, 1907, பேடன் பவல் என்று தொடங்கி நேராக நம் நாட்டுக்கு வந்துவிடுகிறோம். நடுவில் விடுபட்டுப்போன அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்த மடல். அதற்குள் உங்களிடம் சில வேண்டுகோள்களும் இருக்கின்றன.

1911 அக்டோபர் 10 அன்று யாங்சி ஆற்றங்கரையில் உள்ள வூச்சாங் நகரத்தில் படைவீரர்கள் கலகம் செய்தார்கள். அந்தத் தீ பரவி மஞ்சு அரச வம்சம் சாய்ந்தது. 1912 பிப்ரவரி 12 அன்று ஆறு வயதுப் பேரரசர் பூயியின் பெயரால் முடி துறக்கும் அறிவிப்பு வந்தது. அதற்குப் பதின்மூன்றாம் நாள், பிப்ரவரி 25 அன்று, அதே வூச்சாங்கில், அமெரிக்க எப்பிஸ்கோபல் சபை நடத்திய பூன் கல்வி நிலையத்தில் யான் ஜியாலின் என்ற ஆசிரியர் பிள்ளைகளைக் கூட்டிச் சீனாவின் முதல் சாரணர் படையைத் தொடங்கினார். இன்றைக்கும் தைவானில் அந்தத் தேதியைத்தான் இயக்கத்தின் பிறந்தநாளாகக் கொள்கிறார்கள்.

அந்தத் தேதியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஊரில் பீரங்கிச் சத்தம் அடங்கி அதிக நாள் ஆகவில்லை. ஆண்கள் பின்னலை வெட்டியும் வெட்டாமலும் திரிகிறார்கள். படித்தவன் என்றால் வெயில் படாத உடம்பும் நீண்ட அங்கியும் என்று நூற்றாண்டுக் கணக்காக நம்பிய சமூகம் அது. அங்கே ஓர் ஆசிரியர் பிள்ளைகளை அரைக்கால் சட்டையோடு வெட்டவெளிக்கு அழைத்துப்போய் விறகு பொறுக்கவும் அடுப்பு மூட்டவும் சொல்கிறார். புதிய குடியரசுக்குப் புதிய உடம்பு வேண்டும் என்ற தவிப்பு அந்தத் தலைமுறை ஆசிரியர்கள் பலரிடம் இருந்தது. யான் அதை ஓர் உத்தரவாகப் பிள்ளைகள் மேல் போடவில்லை. கூப்பிட்டார், வந்தார்கள். சென்னை அடையாற்றில் 1916இல் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனிச் சாரணர் சங்கம் தொடங்கியதற்குக் காரணம், வெள்ளையர் நடத்திய இயக்கம் அவர்களைச் சேர்த்துக்கொள்ளாததுதான். சீனாவில் அப்படி யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கவில்லை. ஒரு சீன ஆசிரியர் தம் பள்ளியில் தாமே தொடங்கினார். மற்றப் பள்ளிகள் பார்த்துத் தொடங்கின.

அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இயக்கம் காட்டுச் செடிபோல வளர்ந்தது. ஷாங்ஹாயில், குவாங்ஜோவில், நான்ஜிங்கில் என்று ஊருக்கு ஒரு சங்கம், பள்ளிக்கு ஒரு வழக்கம். 1919 ஜூனில் மாணவர் போராட்டத்தை ஆதரித்து ஷாங்ஹாய் முழுவதும் கடையடைப்பு நடந்தபோது, கூட்டத்தில் கைகலப்பு வராமல் பார்த்துக்கொள்ளச் சாரணச் சீருடையில் மாணவர்கள் தெருவில் நின்றார்கள். எந்த அரசும் அவர்களை அனுப்பவில்லை. ஊருக்குத் தேவை என்று தோன்றியது, போய் நின்றார்கள். சீனச் சாரணர் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த காலம் இதுதான். ஒழுங்கு குறைவு, பணம் குறைவு, சீருடைகூட ஊருக்கு ஊர் வேறு. ஆனால் இயக்கம் பிள்ளைகளின் கையிலும் அவர்களோடு நின்ற ஆசிரியர்கள் கையிலும் இருந்தது.

1926இல் குவாங்ஜோவில் கோமிண்டாங் என்ற தேசியவாதக் கட்சி தனக்கென்று ஒரு சாரணர் அமைப்பை உருவாக்கத் தீர்மானித்தது. கட்சியின் படை வடக்கே போய் நாட்டைப் பிடித்து நான்ஜிங்கைத் தலைநகராக்கியதும், மற்றச் சாரணர் படைகளும் கட்சியின் கீழ் வந்து பதிந்துகொள்ள வேண்டியதாயிற்று. 1934 நவம்பர் 1 அன்று சீனச் சாரணர் தலைமைச் சங்கம் நிறுவப்பட்டது. தலைவர் சியாங் கை ஷேக். துணைத் தலைவர்களில் ஒருவர் கட்சியின் சித்தாந்தி தாய் ஜிதாவ். இயக்கத்தின் பாட்டை எழுதியவரும் அவரே. கடவுளுக்கும் அரசருக்கும் கடமை செய்வேன் என்று பேடன் பவல் எழுதிய உறுதிமொழி இருந்த இடத்தில், கட்சியை நிறுவிய சன் யாட் சென் விட்டுச்சென்ற போதனைகளைப் பின்பற்றி நடப்பேன் என்ற உறுதிமொழி வந்தது. அறிவு, அன்பு, துணிவு என்று கன்பூசிய மரபிலிருந்து எடுத்த மூன்று பண்புகள் குறிக்கோளாயின. நாளுக்கு ஒரு நற்செயல் என்ற வழக்கம் அப்படியே தொடர்ந்தது. 1937இல் உலகச் சாரணர் அமைப்பும் இந்தச் சங்கத்தை ஏற்றுக்கொண்டது.

உறுதிமொழியில் சொந்தப் பண்பாட்டைக் கொண்டுவந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். பழைய நூலின் பண்பு ஒரு பையனுக்குத் தன் பாட்டனின் குரலில் கேட்குமானால் அது நல்லதுதான். என் மனம் நிற்கும் இடம் வேறு. அதே 1934இல் நாட்டின் எல்லா இடைநிலைப் பள்ளிகளின் கீழ் வகுப்புகளிலும் சாரணம் கட்டாயப் பாடமானது. மேல் வகுப்புக்குப் போனால் இராணுவப் பயிற்சி. அதற்கு முந்தைய படிக்கட்டாகச் சாரணம் வைக்கப்பட்டது.

உங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு அல்லது எட்டுப் பேர் கொண்ட அணி, அவர்களில் ஒருவன் தலைவன், அந்தச் சின்னக் கூட்டம் தானே திட்டமிட்டுத் தானே சண்டை போட்டுத் தானே சமாதானமாகும். சாரணத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஒரு வகுப்பு முழுவதையும் ஒரே ஆசிரியரிடம் கொடுத்து வாரத்தில் இத்தனை மணி நேரம் நடத்து என்றால் அவர் என்ன செய்வார்? நேராக நிற்கச் சொல்வார், இடம் வலம் திரும்பச் சொல்வார். வேறு எதற்கும் நேரமும் இருக்காது, இடமும் இருக்காது. பாடநூல்கள் அச்சாயின, வகுப்பு அட்டவணையில் இடம் கிடைத்தது, சீருடை அணிந்தவர் எண்ணிக்கை பல மடங்கானது. கட்சி அறிக்கைகளுக்கு அந்த எண்ணிக்கை போதும். அணி மட்டும் கரைந்துபோனது.

மக்களின் அன்றாடப் பழக்கங்களைத் திருத்தவென்று அதே ஆண்டு அரசு தொடங்கிய புதுவாழ்வு இயக்கத்தில் இந்தப் பிள்ளைகளைத் தெருவுக்கு அனுப்பினார்கள். சட்டைப் பொத்தானைப் போடுங்கள், தெருவில் எச்சில் துப்பாதீர்கள், தொப்பியை நேராக வையுங்கள் என்று பெரியவர்களைத் தடுத்து நிறுத்திச் சொல்வது அவர்கள் வேலை. நல்ல பழக்கம்தானே என்று தோன்றலாம். தன் வயதில் நான்கு மடங்கு மூத்த கூலித் தொழிலாளியின் கிழிந்த சட்டையைப் பார்த்துப் பொத்தானைப் போடு என்று அதட்டும் பையன் அங்கே எதைக் கற்றுக்கொள்கிறான்? 1919இல் தெருவில் நின்ற பையனும் 1934இல் நின்ற பையனும் போட்டது சாரணச் சீருடைதான். முன்னவன் ஊருக்காக நின்றான். பின்னவனை ஊரின் மேல் நிறுத்தினார்கள். பிள்ளைகளை அதிகாரத்தின் கைக்கோலாக ஆக்குவதைப்போல ஒரு தீங்கு ஆசிரியர் தொழிலில் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கட்டாயத்தின் கீழும் பிள்ளைகள் எதையும் பெறவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். 1937 ஆகஸ்ட் 13 அன்று ஷாங்ஹாயில் ஜப்பானியப் படையோடு போர் மூண்டது. அங்கிருந்த சாரணர்கள் போர்க்காலச் சேவைக் குழுவாகத் திரண்டு, காயம்பட்டவர்களைச் சுமந்தார்கள், அகதிகளுக்கு வழி காட்டினார்கள், குண்டு விழும் இடத்துக்கு மருந்தும் சோறும் கொண்டுபோனார்கள். முதலுதவிக் கட்டு எப்படிப் போடுவது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதைக் கட்டாயப் பாடமாகப் படித்தவர்கள்தான் அவர்களில் பலர். இதையும் கணக்கில் வைத்துத்தான் நாம் பேச வேண்டும்.

அந்தக் குழுவில் இருந்தவர் யாங் ஹுயிமின். வயது 22. அக்டோபர் கடைசியில் சீனப் படை ஷாங்ஹாயை விட்டுப் பின்வாங்கியபோது, சுஜோ ஓடைக் கரையில் இருந்த சிஹாங் கிடங்கில் ஷியே ஜின்யுவான் தலைமையில் நானூற்றுச் சொச்சம் வீரர்கள் மட்டும் தங்கிப் போரிட்டார்கள். எதிரியை ஏமாற்ற எண்ணூறு பேர் என்று சொல்லப்பட்டது. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஓடைக்கு இந்தப் பக்கம் வெளிநாட்டவர் நிர்வாகத்தில் இருந்த பகுதி, அங்கே போர் இல்லை. ஷாங்ஹாய் மக்கள் கரையில் ஆயிரக்கணக்கில் நின்று அந்தப் பக்கத்துச் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் ஜப்பானியக் கொடிகள். கிடங்கின் மேல் எதுவும் இல்லை. யாங் ஹுயிமின் சீனக் கொடியைத் தம் உடம்பில் சுற்றி, அதன்மேல் சாரணச் சீருடையை அணிந்துகொண்டு, இரவில் கிடங்குக்குள் போய்ச் சேர்ந்தார். கூரையில் கொடிமரம் கிடையாது. மூங்கிலைக் கட்டிக் கொடியை ஏற்றினார்கள். விடிந்ததும் கரையில் நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள்.

இந்தக் கதையைச் சீன மொழி பேசுகிற பிள்ளைகள் பலர் கேட்டு வளர்கிறார்கள். தைவானில் 1970களில் எடுத்த படத்தில் யாங் வேடத்தில் லின் சிங்சியா நடித்தார். 2020இல் பெருநிலச் சீனாவில் வெளிவந்த படத்திலும் அவர் உண்டு. சிஹாங் கிடங்கு இன்றைக்கு நினைவுக் காட்சியகம்.

பாதியோடு நிறுத்தப்படும் கதை இது. கொடி ஏற்றிய பிறகு யாங் ஹுயிமினை உலகம் சுற்ற அனுப்பினார்கள். சீனாவின் போராட்டத்துக்கு அவர் ஒரு முகமானார். 1942இல் அதே அரசின் உளவுத்துறைத் தலைவர் தாய் லீ அவரைக் கைது செய்தார். புகழ்பெற்ற நடிகை ஒருவர் ஹாங்காங்கிலிருந்து தப்பி வந்தபோது அவருடைய பெட்டிகள் வழியில் காணாமல் போயின. அவற்றை அனுப்பிவைக்கும் பொறுப்பை ஏற்றிருந்தவர் யாங் என்பதால் பழி அவர்மேல் விழுந்தது. 1946இல்தான் விடுதலையானார். பிறகு தைவானுக்குப் போய், 1992இல் மறைந்தார்.

ஐயா, அம்மா, இந்த இரண்டாம் பாதியை உங்கள் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். வீரத்தைக் குறைப்பதற்காக நான் இதைக் கேட்கவில்லை. நம்முடைய கதைகளில் பிள்ளைகள் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடும் இடத்தில் கைதட்டல் விழுகிறது, திரை மூடிவிடுகிறது. அந்தக் கொடியைத் தூக்கச் சொல்கிறவர்கள் நாளைக்கு அந்தப் பிள்ளைக்காக நிற்பார்களா என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. நாம் கேட்க வேண்டும். பொறுப்பிலுள்ள ஆசிரியர் கேட்காவிட்டால் அந்தப் பிள்ளைக்காக வேறு யார் கேட்பார்கள்?

சாரணம் கட்டாயமான அதே காலத்தில் சாரணர் என்ற பெயரே இல்லாமல் இன்னொன்று நடந்தது. கல்வியாளர் தாவ் ஷிங்ஜி 1929இல் ஜியாங்சு மாநிலத்தின் ஹுவாய்ஆன் ஊரில் ஷின்ஆன் என்ற சின்னப் பள்ளியைத் தொடங்கினார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித் தரட்டும் என்பது அவருடைய கொள்கை. 1935 அக்டோபர் 10 அன்று அந்தப் பள்ளியின் 14 பிள்ளைகள் தலைமையாசிரியர் வாங் தாஜியோடு ஊரைவிட்டுப் புறப்பட்டார்கள். கையில் ஐம்பது யுவான் பணம். வழியில் படம் காட்டி, பாட்டுப் பாடி, நாடகம் போட்டு, நாடு ஆபத்தில் இருக்கிறது என்று மக்களிடம் சொல்லிக்கொண்டே போனார்கள். செலவுக்குத் தாங்களே சம்பாதித்தார்கள். கூட்டம் போட்டு முடிவெடுத்தார்கள். பெரியவர்கள் கூட இருந்தார்கள், ஆனால் அன்றாட வேலையைப் பிள்ளைகளே பங்கிட்டுக்கொண்டார்கள். போர் முழுவதும், போருக்குப் பிறகும் அந்தப் பயணம் தொடர்ந்தது. வழியில் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். பின்னாளில் அவர்கள் கம்யூனிஸ்டுகளின் தலைமையின் கீழ் வந்ததும், இன்று கட்சி அவர்களைத் தன் வரலாற்றில் பெருமையோடு வைத்திருப்பதும் உண்மை. ஆனாலும் 1935 அக்டோபரில் ஹுவாய்ஆன் சாலையில் நடந்த அந்தப் பதினான்கு பேரையும், அதே மாதம் எங்கோ ஒரு பள்ளித் திடலில் இடம் வலம் திரும்பிக்கொண்டிருந்த ஐம்பது பேரையும் பேடன் பவல் பார்த்திருந்தால், தம் பிள்ளைகள் என்று யாரை அடையாளம் கண்டிருப்பார்? எனக்கு இதில் கொஞ்சமும் ஐயமில்லை.

1949இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த பிறகு பாதை மூன்றாகப் பிரிகிறது. பெருநிலத்தில் சாரணர் இயக்கம் முடிந்தது. 1949 அக்டோபர் 13 அன்று அங்கே தொடங்கப்பட்ட அமைப்புத்தான் இன்றைய இளம் முன்னோடிகள்: சிவப்புக் கழுத்துத்துணி, தலைக்கு மேலே கை உயர்த்தும் வணக்கம், ‘எப்போதும் தயார்’ என்ற பதில். 10 கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகள் அதில் இருக்கிறார்கள். அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்பது சுவையான செய்தி. 1922இல் சோவியத் நாட்டில் முன்னோடிகள் அமைப்பைத் தொடங்கியபோது, லெனினின் மனைவி குரூப்ஸ்கயா சாரணர் முறைகளைப் படித்து, பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினார். சாரணரின் ‘தயாராய் இரு’ மாஸ்கோவுக்குப் போய், அங்கிருந்து பெய்ஜிங்குக்கு வந்தது. வாசலில் தடுத்ததைச் சன்னல் வழியே உள்ளே விட்டிருக்கிறார்கள். உள்ளடக்கத்தில் இரண்டும் வேறு வேறு. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஹாங்காங்கில் 1913இல் புனித ஜோசப் கல்லூரியில் முறைப்படியான படை தொடங்கியது. முதலில் ஐரோப்பியப் பிள்ளைகள், பிறகு மெல்ல மெல்லச் சீனப் பிள்ளைகள். 1977இல் அவர்கள் சங்கம் பிரிட்டனிலிருந்து பிரிந்து உலக அமைப்பில் தனி உறுப்பானது. பள்ளிகள், தேவாலயங்கள், அக்கம்பக்கத்துச் சங்கங்கள் என்று பல கைகள் சேர்ந்து அங்கே குழுக்களை நடத்துகின்றன. சேரச் சொல்லிக் கட்டாயம் இல்லை. குடியிருப்பு அடுக்குகளில் நெருக்கியடித்து வாழ்ந்த பிள்ளைகளுக்கு மலைச்சரிவில் ஒரு கூடாரம் என்பதே பெரிய ஈர்ப்பாக இருந்தது.

தைவான்தான் நமக்கு மிக நெருக்கமான பாடம். தலைமைச் சங்கம் கட்சியோடும் அரசோடும் அந்தத் தீவுக்குக் குடிபெயர்ந்தது. 1937இல் பெற்ற உலக உறுப்புரிமை இன்றும் அவர்களிடம்தான் தொடர்கிறது. கட்டாயப் பாடமும் கூடவே கப்பலேறி வந்தது. பல பத்தாண்டுகள் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் அணிந்த காக்கிச் சீருடையே சாரணச் சீருடைதான். சாரணம் செய்யாத பிள்ளை என்று ஒருவரும் இல்லை. அந்தத் தலைமுறையினரிடம் பேசிப் பாருங்கள். சாரணப் பாடவேளையில் என்ன படித்தீர்கள் என்று கேட்டால், அந்த நேரத்தைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கித் தேர்வு வைத்தார் என்று சொல்கிறவர்கள் ஏராளம். நம் பிள்ளைகளின் உடற்கல்விப் பாடவேளைக்கு நேர்ந்த கதிதான். ஆனால் ஓர் இரவு வெளியே தங்கும் முகாமைப் பற்றிக் கேளுங்கள். முகம் மலர்ந்துவிடும். அரைவேக்காட்டுச் சோறு, கரிந்த வாணலி, யார் பாத்திரம் கழுவுவது என்ற சண்டை, இரவில் தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பாடியது, யாரோ அழுதது என்று எல்லாம் வரிசையாக வரும். மூன்று ஆண்டுப் பாடம் மறந்துவிட்டது, ஓர் இரவு நிற்கிறது. அந்த ஓர் இரவில் மட்டும் அவர்கள் ஆறேழு பேராகப் பிரிந்து தங்கள் வயிற்றுக்குத் தாங்களே பொறுப்பேற்றார்கள். 2001இல் தைவான் பாடத்திட்டத்தை மாற்றியபோது சாரணத்தை மனையியலோடும் வழிகாட்டலோடும் சேர்த்து ஒரே துறையாக்கினார்கள். இன்றும் அது வகுப்பறையில் இருக்கிறது. அதற்கு வெளியே, விருப்பத்தால் சேர்ந்த பிள்ளைகளின் படைகள் தனியாக இயங்குகின்றன. அளவில் அவை சிறியவை. அதைக் குறையென்று நான் நினைக்கவில்லை.

நம் மண்ணுக்கு வருகிறேன். சிங்கப்பூரில் 1910இல் சாரணம் தொடங்கியது. அந்த ஆண்டே கரையிறங்கிய பிராங்க் கூப்பர் சேண்ட்ஸ் மலாய், சீன, இந்தியப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தார். மலாயாச் சாரணரின் தந்தை என்று அவரைச் சொல்வது அதனால்தான். அதே காலத்தில் சீனப்பள்ளிகளின் ஆசிரியர்களும் பாடநூல்களும் சீனாவிலிருந்து வந்தன, கூடவே சீன அரசியலும் வந்தது. 1920இல் பள்ளிகளைப் பதியச் சொல்லிச் சட்டம் வந்ததற்கும், 1930இல் ஆளுநர் கிளெமெண்டி இங்கே கோமிண்டாங்கைத் தடை செய்ததற்கும் அந்த அரசியலைப் பற்றிய பிரிட்டிஷ் ஆட்சியின் கவலையே காரணம். இரண்டு அரசுகள் இரு பக்கமும் நின்று பிள்ளைகளை எங்கள் பக்கம் வா என்று இழுத்த காலம் அது. நாம் இன்று நிற்கும் திடலுக்கு அப்படியும் ஒரு பழைய நினைவு இருக்கிறது.

இப்போது என் வேண்டுகோள்கள். சட்டத்தை மாற்றச் சொல்லவில்லை. அது உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பவற்றை மட்டும் கேட்கிறேன்.

அறுபது பேர் இருந்தால் அறுபது பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தாதீர்கள். ஆண்டின் முதல் வாரத்திலேயே ஏழெட்டுப் பேராகப் பிரித்துவிடுங்கள். யார் யாரோடு என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். தலைவனை, தலைவியை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். அந்த அணியை ஆண்டு முழுவதும் கலைக்காதீர்கள். அணிவகுப்புப் போட்டிக்கு ஆள் பொறுக்க வேண்டும் என்று யாராவது வந்து கேட்டாலும் கலைக்காதீர்கள். கோப்பை ஒன்று குறையும். அதைத் தலைமையாசிரியரிடம் சொல்லிப் புரியவைக்கும் தைரியம் உங்களில் பலருக்கு உண்டு என்பது எனக்குத் தெரியும்.

பிரமுகர் வருகிறார், வரவேற்பு வரிசைக்குச் சாரணர் இருபது பேரை அனுப்புங்கள் என்ற அழைப்பு வரும்போது, வெயிலில் எவ்வளவு நேரம், குடிக்கத் தண்ணீர் உண்டா, அந்த நிகழ்ச்சியில் பிள்ளைகள் செய்யப்போகும் வேலை என்ன என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அனுப்பாதீர்கள். வெள்ளம் வந்து நிவாரண மையத்தில் ஆள் தேவை என்றால், கேட்பதற்கு முன்பே பிள்ளைகளோடு போய் நில்லுங்கள். பெற்றோரின் சம்மதம் மட்டும் கையில் இருக்கட்டும்.

விருப்பமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள். செம்பிறையோ வேறு சீருடை இயக்கமோ அவனுக்குப் பொருந்துமானால் மாற்றிவிட உதவுங்கள். அவன் போனால் உங்கள் எண்ணிக்கை குறையும், ஆண்டறிக்கை மெலியும். ஆனால் மிஞ்சுகிறவர்கள் தாங்களாக நின்றவர்களாக இருப்பார்கள்.

கடைசியாக ஒன்று. பக்கத்துச் சீனப்பள்ளியின் சாரண ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். வரும் ஆண்டிறுதி விடுமுறையில் இரண்டு பள்ளியும் சேர்ந்து ஓர் இரவு முகாம் போடலாம் என்று சொல்லுங்கள். அணிகளைக் கலந்து போடுங்கள்: நான்கு பேர் நம்மவர், நான்கு பேர் அவர்கள். பேச்சு மலாயில் நடக்கட்டும். சைவம் சாப்பிடுகிற பிள்ளை இருக்கும், மாட்டிறைச்சி தொடாத பிள்ளை இருக்கும், பன்றி இறைச்சி இல்லாமல் சமைக்கத் தெரியாத பிள்ளையும் இருக்கும். எந்தப் பானையில் என்ன வேகும், சந்தைக்கு யார் போவது, காசு எவ்வளவு என்பதை முகாமுக்கு முந்தைய வாரமே பிள்ளைகள் உட்கார்ந்து எழுதி முடிக்கட்டும். நீங்களும் அந்தச் சீன ஆசிரியரும் அந்தக் கூட்டத்துக்குள் போகாதீர்கள். முகாம் இடத்துக்கு மட்டும் இப்போதே கடிதம் எழுதிவிடுங்கள். டிசம்பருக்கு இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடுகின்றன.

அன்புடன்,
உங்களோடு திடலில் நின்ற ஒரு முன்னாள் சாரண ஆசிரியர்